ஈறு நோய் - வலியில்லாப் பகை

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் விலங்கியல்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதில் இலக்கண உண்மையும் அடங்கியிருக்கிறது. நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால்தான் தகரமும் நகரமும் பிறக்கும். மேற்பல்லும் கீழுதடும் பொருந்தினால்தான் வகரம் பிறக்கும். எழுத்துகளின் பிறப்பிடங்களை வகுத்துரைத்த தொல்காப்பியர் பல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். முன்பற்களை இழந்த முதியவர் ஒருவரை 'வந்தது' என்று சொல்லச் சொல்லிக் கேட்டால் பழமொழியின் பொருள் நன்கு விளங்கும்.

சரி, பல் ஏன் போகிறது? இக்கேள்விக்கு நம்மில் பலர் "சொத்தை விழுந்து போகிறது" என்றே விடை கூறுவர். அது பாதி உண்மையே. வளர்ந்தவர்கள் பல்லை இழப்பதற்கு மற்றொரு பெருங்காரணம் பல்லில் இல்லை. பல்லைத் தாங்கி நிற்கும் ஈறுகளிலும் எலும்பிலும் அது இருக்கிறது. கடுமையான ஈறு நோய் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோரைப் பற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

எங்கள் நாட்டு நலப்பணித் திட்டக் குழு நடத்திய பல் மருத்துவ முகாம் ஒன்றில் வருவோரின் பெயர்களைப் பதியும் பணி எனக்குக் கிடைத்தது. படிவத்தில் "பல் தேய்க்கும்போது இரத்தம் வருகிறதா?" என்றொரு கேள்வி இருந்தது. "வரும், ஆனால் வலி ஒன்றும் இல்லை" என்று சொல்லிச் சிரித்தவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் நம் வயதினர். "வலி இல்லை" என்ற அந்தச் சொல்லே என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. இந்நோயின் சூழ்ச்சி முழுவதும் அச்சொல்லில்தான் இருக்கிறது.

பல்லைப் பிடித்திருப்பது எது?

பல் என்பது சுவரில் அடித்த ஆணியைப் போல எலும்பில் இறுகி நிற்பதாக நாம் எண்ணுகிறோம். அப்படியன்று. தாடை எலும்பில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு குழி உண்டு. அக்குழிக்குள் பல்லின் வேர், நுண்ணிய நார்களால் கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. நார்களின் ஒரு முனை வேரை மூடியிருக்கும் சிமெண்டம் என்ற படலத்திலும், மறுமுனை எலும்பிலும் பதிந்திருக்கும். முறுக்கைக் கடிக்கும்போதும் கரும்பை உரிக்கும்போதும் பல்லின்மேல் விழும் பாரத்தை இந்நார்களே தாங்கிக்கொள்கின்றன.

இவற்றையெல்லாம் மேலிருந்து மூடிக் காப்பது ஈறு. சட்டையின் கழுத்துப்பட்டை கழுத்தைச் சுற்றியிருப்பது போல அது பல்லின் கழுத்தைச் சுற்றியிருக்கிறது. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே சிறிது இடம் இருப்பது போலவே, ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலும் ஆழமில்லாத பள்ளம் ஒன்று உண்டு. நல்ல நிலையில் அதன் ஆழம் 1 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். ஈறு நோயின் கதை தொடங்குவது இந்தச் சிறு பள்ளத்தில்தான்.

நோய் பிறக்கும் விதம்

1683-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்தைச் சேர்ந்த துணி வணிகர் லேவன்ஹுக், தம் பல்லிடுக்கில் மாவு போல ஒட்டியிருந்த வெண்பொருளைச் சுரண்டி, தாமே தேய்த்துச் செய்த வில்லையின் வழியே பார்த்தார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் ஓடியாடுவதைக் கண்டு வியந்து, இலண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் கண்டவை பாக்டீரியாக்கள். பல்லின்மேல் அவை கூட்டமாகக் குடியேறி அமைக்கும் பிசுபிசுப்பான படிவைப் பற்படலம் என்கிறோம்.

நன்றாகத் தேய்த்த பல்லின்மேலும் சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் ஒட்டத் தொடங்கிவிடும். இது வெறும் அழுக்கன்று. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, தமக்கென ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் ஒளிந்து வாழும் உயிர்க்கூட்டம் இது. ஆகவே வாயைக் கொப்பளிப்பதால் மட்டும் பற்படலம் போகாது. தேய்த்தே அகற்ற வேண்டும்.

அகற்றாமல் விட்ட படலத்தில் எச்சிலிலுள்ள கால்சியம், பாஸ்பேட் ஆகிய உப்புகள் படிந்து கல்லாக இறுகுகின்றன. இதுவே பற்காரை. உப்புநீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏடு பிடிப்பதை நாம் வீட்டில் பார்த்திருக்கிறோம். அதைப் போன்றதே இதுவும். கீழ் முன்பற்களின் உட்புறத்திலும், மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலும் காரை மிகுதியாகச் சேரும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் அவ்விடங்களுக்கு அருகில் திறப்பதே அதற்குக் காரணம். காரை உண்டான பின் வீட்டிலுள்ள பிரஷ் எதுவும் அதை அகற்றாது.

ஈறின் ஓரத்தில் படலம் நிலைத்துவிட்டால் உடல் சும்மா இருப்பதில்லை. அவ்விடத்துக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, வெள்ளணுக்களை அனுப்புகிறது. இரத்தக் குழாய்கள் விரிவடைகின்றன. பள்ளத்தின் உட்சுவர் மெலிந்து புண்ணாகிறது. அதனால்தான் பிரஷ் பட்டவுடன் இரத்தம் கசிகிறது. இந்த முதல் நிலைக்கு ஈறு அழற்சி என்று பெயர். இந்நிலையில் எலும்புக்கு எந்தச் சேதமும் இல்லை. நோயாளி முழுவதும் மீண்டுவிடலாம்.

இதைக் கவனியாது விட்டால் சிலருக்கு அழற்சி உள்ளே இறங்குகிறது. நார்கள் அறுகின்றன. பள்ளம் ஆழமாகிப் பையாக மாறுகிறது. பைக்குள் காற்று நுழைவது அரிது. அங்கே போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் முதலான, காற்றை வெறுக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. எலும்பும் கரைகிறது. இதில் வியப்பு யாதெனில், எலும்பைக் கரைப்பவை பாக்டீரியாக்கள் அல்ல. நம் உடலின் சொந்தச் செல்களே. பகைவனை விரட்ட வைத்த தீயில் வீட்டுக் கூரையும் எரிவதைப் போன்றது இது. இந்த இரண்டாம் நிலையைப் பல்சூழ் திசு அழற்சி என்பர். மக்கள் வழக்கில் இது 'பயோரியா'. சீழ் ஒழுகுதல் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். இந்நிலையில் இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. மேலும் இழக்காமல் நிறுத்துவதே மருத்துவத்தின் முதல் வேலையாகிறது.

ஆதலால் முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் இடையே உள்ள வாசற்படியை நாம் நன்கு அறிந்திருக்க வேண்டும். அந்தப் படியில் நின்று நம்மை எச்சரிப்பதுதான் இரத்தக் கசிவு.

இரண்டு ஆய்வுகள்

இவை ஊகங்கள் அல்ல என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சான்றாகக் காட்டலாம்.

முதலாவது டென்மார்க் நாட்டின் ஆர்ஹுஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. ஹரால்டு லோ என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் 1965-இல் இதன் முடிவை வெளியிட்டனர். ஆரோக்கியமான ஈறு உடைய 12 பேர் பல் தேய்ப்பதை நிறுத்திக்கொண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் பல் தேய்க்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. படலமே காரணம் என்பதும், படலம் போனால் அழற்சியும் போகும் என்பதும் இதனால் ஐயமின்றி விளங்கின.

இரண்டாவது ஆய்வு நம் உள்ளத்தைத் தொடுவது. அதே லோ, 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றிய 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார். அவர்கள் தமிழர்கள், நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிச் சென்றவர்களின் வழிவந்தவர்கள். பல் தூய்மைப் பழக்கமும் பல் மருத்துவ வசதியும் அவர்களுக்கு இல்லை. 15 ஆண்டுகள் இடைவிட்டுத் தொடர்ந்த இந்த ஆய்வின் முடிவு 1986-இல் வெளிவந்தது. 8 விழுக்காட்டினருக்குப் பல்லின் பிடிப்பு மிக விரைவாக அழிந்தது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக அழிந்தது. எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் செல்லவே இல்லை.

மருந்தில்லாத மனிதனின் வாயில் இந்நோய் எப்படி நடக்கும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் பற்களிலிருந்துதான். இன்று எந்த நாட்டுப் பல் மருத்துவ மாணவரும் படிக்கும் பாடம் அது. கற்ற உலகம் பயனடைந்தது. கற்பித்தவர்களுக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வி அதைப் படிக்கும்போது என் மனத்தில் எழாமல் இல்லை.

இந்த முடிவிலிருந்து நாம் உணர வேண்டியது ஒன்று உண்டு. ஒரே அளவு அழுக்கு எல்லாரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. "என் தாத்தா பல்லே தேய்த்ததில்லை, சாகும்வரை கரும்பு கடித்தார்" என்று சொல்பவரின் தாத்தா அந்த 11 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். நாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது நமக்கு முன்கூட்டித் தெரியாது. தெரியும் வேளையில் பல் ஆடிக்கொண்டிருக்கும்.

அறிந்துகொள்வது எங்ஙனம்?

என் பாட்டி தமக்குப் பல்வலியே வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். "ஒவ்வொண்ணா ஆடிச்சு, தானா வந்துடுச்சு கண்ணு. ஒரு நாள் கூட வலிச்சதில்லை" என்பார். ஐம்பது வயதுக்குள் மேல்வரிசை முழுவதையும் அவர் இழந்துவிட்டார். வயதானால் பல் விழுவது இயல்பு என்றே அவர் நம்பினார். முடி நரைப்பதைப் போன்றதன்று பல் விழுவது. வயது மட்டும் பல்லை விழச் செய்வதில்லை.

வலி இல்லாத நோயை அறியக் கண்ணே கருவி. கண்ணாடி முன்நின்று நல்ல வெளிச்சத்தில் பின்வருவனவற்றைப் பார்க்கலாம்.

1. ஈறின் ஓரம் இளஞ்சிவப்பாக, கத்தி முனை போல மெலிந்து பல்லோடு ஒட்டியிருப்பது நலம். கருஞ்சிவப்பாக, தடித்துப் பளபளப்பது அழற்சி. நம்மவர் பலருக்கு ஈறுகளில் இயல்பாகவே கரும்பட்டை இருக்கும். அது தோலின் நிறம் போன்றதே, நோயன்று.

2. தேய்க்கும்போதோ கொய்யா போன்ற கெட்டியான பழத்தைக் கடிக்கும்போதோ இரத்தம் கசிதல்.

3. தேய்த்த பின்னும் நீங்காத வாய் நாற்றம்.

4. ஈறு கீழிறங்கிப் பல் நீண்டது போலத் தோன்றுதல். பல்லிடுக்கில் புதிதாக இடைவெளி விழுதல்.

5. ஈறை அழுத்தினால் சீழ் வருதல், பல் ஆடுதல். இவை பிந்திய அறிகுறிகள்.

பல் மருத்துவர் இதனினும் நுட்பமாக அறிவார். மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பள்ளத்துக்குள் மெதுவாகச் செலுத்தி, ஒவ்வொரு பல்லையும் ஆறு இடங்களில் அளப்பார். 4 மி.மீ.க்கு மேற்பட்ட ஆழமும் அதனுடன் கசிவும் ஐயத்துக்கு உரியவை. எலும்பு எவ்வளவு கரைந்துள்ளது என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும்.

ஓர் எச்சரிக்கை. பிரஷ் படாமலே ஈறிலிருந்து இரத்தம் வடிந்து, காய்ச்சல், உடல் வெளுத்தல், தோலில் செம்புள்ளிகள் ஆகியவையும் சேர்ந்திருந்தால் அது வெறும் ஈறு நோயாக இராது. இரத்தம் தொடர்பான நோயாகவோ டெங்குவாகவோ இருக்கக்கூடும். உடனே பொது மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

யாருக்கு ஆபத்து மிகுதி?

புகைபிடிப்போருக்கு இந்நோய் விரைந்து முற்றும். அத்துடன் புகை ஈறுகளின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் கசிவும் குறைந்துவிடும். எச்சரிக்கும் மணியின் நாவைக் கட்டிவிட்டுத் திருடன் உள்ளே நுழைவதைப் போன்றது அது. "எனக்கு இரத்தமே வருவதில்லை" என்று சொல்லும் பீடி, சிகரெட் பழக்கமுள்ள நண்பர்கள் இதை மனத்தில் கொள்க.

நீரிழிவு உள்ளோருக்கும் ஆபத்து மிகுதி. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு கெடும்; ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படாது. கருவுற்ற பெண்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். வலிப்பு நோய்க்குத் தரும் ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபின் போன்ற மருந்துகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அத்தகையோர் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவம்

என் தந்தையார் தையற்காரர். நூலை முன்பல்லால் கடித்து அறுப்பது அவருடைய நெடுநாள் பழக்கம். ஒருநாள் அவர் ஒவ்வொரு முறையும் கத்தரிக்கோலைத் தேடி எடுப்பதைக் கண்டு காரணம் கேட்டேன். "கீழ்ப்பல் ரெண்டும் கொஞ்சம் ஆடுது, விடு" என்றார். அப்போது அவருக்கு வயது 46, நீரிழிவும் உண்டு. பல் மருத்துவரிடம் போகலாம் என்றதற்கு, "சுத்தம் செய்தால் இருக்கிற பல்லும் ஆட்டம் கண்டுவிடும்" என்று மறுத்தார். இந்த அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்களில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆகவே அதைச் சற்று ஆராய்வோம்.

காரை, பல்லிடுக்குகளில் சிமெண்டுப் பூச்சைப் போல நிறைந்து ஆடும் பற்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும். எலும்போ அடியில் ஏற்கெனவே கரைந்திருக்கும். காரையை எடுத்ததும் மறைந்திருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. சுத்தம் செய்ததால் பல் ஆடவில்லை. ஆடிக்கொண்டிருந்தது அப்போது வெளிப்பட்டது, அவ்வளவே. ஈறு வீக்கம் வற்றிச் சுருங்குவதாலும் இடைவெளி தெரியும். சில நாட்கள் குளிர்ந்த நீர் பட்டால் கூசும். பின் பெரும்பாலும் குறைந்துவிடும்.

இதைப் படம் வரைந்து காட்டிய பின் தந்தையார் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு வர இசைந்தார். அங்கு நான் கண்ட மருத்துவ முறையை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலில் ஸ்கேலிங். நுண்ணதிர்வுக் கருவியின் முனையால் காரையை உடைத்து நீரால் கழுவி எடுப்பர். அடுத்து, ஆழமான பைகள் உள்ள இடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறின் அடியிலுள்ள வேர்ப்பரப்பைச் சுரண்டித் தூய்மை செய்வர். இதனுடன், தேய்க்கும் முறையையும் கற்றுத் தருவர். சில வாரங்கள் கழித்து மறுபடியும் ஆழம் அளக்கப்படும். பெரும்பாலான பைகள் இதற்குள் சுருங்கிவிடும். சுருங்காத ஆழப் பைகளுக்கு, ஈறை மெல்ல விலக்கி உள்ளே பார்த்துச் சுத்தம் செய்து தைக்கும் சிறு அறுவை உண்டு. சில வகைப் பள்ளங்களில் எலும்புத்தூள் இட்டு நிரப்புவதும் உண்டு. காப்பாற்ற இயலாத பல்லை எடுத்துவிடுவர்.

தந்தையார் கீழ் முன்பற்கள் இரண்டை இழந்தார். மற்றவை நின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சென்று காட்டி வருகிறார். ஈறு மருத்துவத்தால் நீரிழிவு நோயாளிகளின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1.சி. ஏறத்தாழ 0.4 புள்ளி குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இது சிறிதாகத் தோன்றினும் மருத்துவர்கள் பொருட்படுத்தும் அளவே.

இங்கே மூன்று பொய் நம்பிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீர் கொப்பளிப்பது இதம் தரும், காரையைக் கரைக்காது. மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை நோயை அதன் வேரிலிருந்து நீக்காது. குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி மருத்துவர் சொன்ன நாட்களுக்கு நன்மை செய்யும். நெடுநாள் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், சுவையும் மாறும்.

நாம் செய்ய வேண்டியவை

காலையும் இரவும் இரண்டு நிமிடம் பல் தேய்க்க வேண்டும். இரவுத் தேய்ப்பு இன்றியமையாதது. உறங்கும்போது உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும். மென்மையான பிரஷின் நுனியை ஈறும் பல்லும் கூடும் ஓரத்தில் 45 பாகை சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறு சிறு அசைவாகத் தேய்க்க வேண்டும். இம்முறையைப் பரப்பியவர் சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர். மூட்டையைத் தேய்ப்பது போல இடவலமாக அழுத்தித் தேய்த்தால் பல்லின் கழுத்து தேயும். பிரஷ் பல்லிடுக்கில் நுழையாது. அதற்கு மெழுகு நூலோ இடுக்குப் பிரஷோ வேண்டும். குண்டூசியும் தீக்குச்சியும் கூடா.

ஆலங்குச்சி, வேப்பங்குச்சியைப் பற்றிக் கேட்கலாம். நுனியை நன்றாக மென்று தூரிகையாக்கி, பல்லின் உட்புறமும் சென்று பொறுமையாகத் துலக்கினால் அவையும் படலத்தை நீக்கும். படலத்தை நீக்குவது துலக்கும் செயலே. செங்கற்பொடியும் மணலும் கலந்த சாம்பலும் பல்லைத் தேய்த்துவிடும். புகையிலைப் பொடியால் பல் துலக்குவதோ நோயை விலை கொடுத்து வாங்குவதாகும்.

ஆண்டுக்கு ஒரு முறையேனும் பல் மருத்துவரைக் காண்பது நலம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. வலி வந்த பின் போவோம் என்று காத்திருப்பவர்களுக்காக ஈறு நோய் காத்திருக்காது.

நண்பர்களே! ஈறில் இரத்தம் கண்டதும் நம்மில் பலர் செய்வது அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவது. இரத்தம் நின்றால் போதும் என்று நினைக்கிறோம். தேய்க்காமல் விட்ட இடத்தில்தான் படலம் சேர்கிறது. சேர்ந்த இடத்தில்தான் மேலும் இரத்தம் வருகிறது. நாளைக் காலை விடுதிக் குழாயடியில் துப்பும் நுரையைச் சற்றுக் கவனியுங்கள். சிவப்பு தெரிந்தால் பிரஷைக் கீழே வைத்துவிடாதீர்கள். அதே இடத்தை மென்மையாக, முறையாக, இன்னும் பத்து நாள் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு நின்றால் வாசற்படியிலேயே திரும்பிவிட்டீர்கள். நிற்கவில்லையேல் வலிக்காகக் காத்திராமல் பல் மருத்துவரிடம் செல்லுங்கள்.